வால் நீண்ட காரை யாரும் பார்க்கவில்லை

"என் கார் திருடு போயிடுச்சு" என்று சொன்ன மனோகரின் முகத்தில் துக்கமே இல்லை. பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது என்று சொல்ல வந்தவரைப் போல இருந்தார்.

துப்பறிவாளர் கொர்னேலியஸ் அதைக் கவனித்தார். கோலார் தங்க மைன்ஸில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்த காலத்தில், ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் லிஃப்டில் மேலே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எவன் டிபன் பாக்ஸில் தங்கக் கல் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மைன்ஸ் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று ஆனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். தங்கமே தீர்ந்துபோன ஊரில் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, "தங்கம்தான் தீர்ந்துச்சு, பொய் தீரலையே" என்று பதில் சொல்வார்.

"எப்போ போச்சு?"

"போன மாசம். நம்ம கல்யாண மண்டபத்து வாசல்ல நிறுத்தியிருந்தேன். காலைல பார்த்தா காணோம். பூட்டை உடைச்சு எடுத்துட்டுப் போயிருக்கான் படுபாவி." படுபாவி என்ற சொல்லில் ஒரு வாஞ்சை இருந்தது.

மனோகரை ஊருக்கே தெரியும். ராபர்ட்சன்பேட்டையில் பெரிய கல்யாண மண்டபம் அவருடையது. வருகிற ஜோடிகள் எல்லாரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், வருஷம் முழுவதும் பட்டுச் சட்டையும் ஜரிகை அங்கவஸ்திரமுமாகத்தான் இருப்பார். இப்போதும் அப்படித்தான் வந்திருந்தார்.

"என்ன கார்?" என்று கேட்டாள் வின்னி. கொர்னேலியஸின் உதவியாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு வருஷம் ஊர்க் கதையெல்லாம் காதில் வாங்கியவள். வாய் மட்டும் இன்னும் எக்ஸ்சேஞ்சை விட்டு வரவில்லை, கேட்காத இணைப்பையும் கொடுத்துவிடும்.

"வெலோரா எஸ்டேட்."

"வேலூரா? நம்ம ஊர்க்காரங்க பாதிப்பேர் அங்கேருந்து வந்தவங்கதானே சார்."

"வேலூர் இல்லம்மா, வெலோரா! ஃபாரின் டிசைன். சின்ன சைஸு, ஆனா உள்ள எல்லாம் சொகுசு. தோல் சீட்டு, ஏசி, மரப் பலகை வச்ச டேஷ்போர்டு. டிக்கின்னு தனியா கெடையாது. கூரை அப்படியே பின்னால வரைக்கும் நீளமா போயி நேரா கீழ இறங்கும். பின்னாடி மேல தூக்குற கதவு. பின்சீட்டை மடிச்சா கோல்ஃப் பையே நாலு வைக்கலாம்னு பெங்களூர் ஷோரூம்ல சொன்னாங்க."

"நீங்க கோல்ஃப் ஆடுவீங்களா?"

"ஆட மாட்டேன். ஆனா வைக்கலாமில்ல?" மனோகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொம்ப அபூர்வமான வண்டி. கோலார் ஜில்லாலயே ஒண்ணுதான். சீமையில லேடீஸே ஓட்டுவாங்களாம். அதைக் கேட்டுட்டு எங்க வீட்டம்மாவுக்குக்கூட டிரைவிங் கிளாஸ் போட்டேன். லைசென்ஸும் வாங்கிட்டா. அப்புறம், பொம்பளை ஓட்டினா நம்ம மரியாதை இன்னா ஆவுறதுன்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

"நிறம்?"

"வெள்ளை. முத்து வெள்ளை."

"சரி. நான் என்ன செய்யணும்?"

"தேடுங்க. போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுத்தாச்சு, நீங்க ஊர் பூரா விசாரிங்க. மனோகர் காரைத் தூக்கிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும். பேப்பர்காரங்க வந்தா என் போட்டோ தர்றேன்." எழுந்தவர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "ஆனா ரொம்ப சிரமப்பட்டுத் தேட வேணாம்."

அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் வின்னி சொன்னாள்: "சார், திருடு கொடுத்தவர் மாதிரி இல்ல. பரிசு வாங்கினவர் மாதிரி போறாரு."

கொர்னேலியஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஜில்லாவுக்கே ஒரு வண்டி. எவன் பார்த்தாலும் மறக்க மாட்டான். அரை நாள்ல கிடைக்கணும். வா."

* * *

அரை நாளில் கிடைக்கவில்லை. முதலில் ஒரு துளிச் செய்தியும் கிடைக்கவில்லை.

மண்டபத்துக்கு எதிரே மெக்கானிக் ஷாப், பஸ் ஸ்டாண்ட், ஆட்டோ ஸ்டாண்ட் எல்லா இடத்திலும் கேட்டார்கள். நீளமான, வெள்ளையான, புது கார் ஒன்றை யாராவது பார்த்தீர்களா? எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்படி ஒரு காரே இந்த ஊரில் ஓடியதில்லை என்று ஆட்டோக்காரர் ஒருவர் சத்தியம் செய்தார். மண்டபத்து வாசலில் அது பல மாதம் நின்றிருக்கிறது.

"சார், ஒண்ணு ஊரே சேர்ந்து பொய் சொல்லுது. இல்லாட்டி மனோகர் கார் வாங்கினதே கனவுல" என்றாள் வின்னி.

"ரெண்டும் இல்ல. நாம கேக்கற கேள்வி சரியில்ல" என்றார் கொர்னேலியஸ்.

மண்டபத்துச் சுவரோரம் சம்பங்கி என்பவள் பூக்கடை போட்டிருந்தாள். மாலை கட்டும் கை நிற்காமலே பேசுவாள்.

"காரா? நான் ஒண்ணும் பார்க்கலீங்க. போன மாசம் ஒரு நாள் விடிகாலைல நான் கடை போடசொல்ல சாவு வண்டி ஒண்ணுதான் போச்சு. எந்திரிச்சு நின்னு கும்புட்டுகினேன்."

வின்னி நிமிர்ந்தாள். கொர்னேலியஸ் ஒரு முழம் கதம்பம் வாங்கி வின்னியிடம் கொடுத்தார். பேச்சை நீட்டுவதற்கு அவர் வழக்கமாகச் செய்வது.

"எந்தப் பக்கம் போச்சு அக்கா?"

"பங்காருபேட்டை ரோட்டுல. பாவம், யார் பெத்த புள்ளயோ. கூட ஒரு ஜனம் இல்ல, ஒரு மோளம் இல்ல. ஆனா ஒண்ணு. ஓட்டினு போனவரு பட்டுச் சட்டை போட்டிருந்தாரு. சாவு வண்டி ஓட்றவனுக்குப் பட்டுச் சட்டை எதுக்குன்னு நெனச்சேன்."

"அந்த சாவு வண்டியை முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"இன்னா இப்படிக் கேக்கறீங்க? இந்த வாசல்லயேதான் எப்பவும் நிக்கும்! கல்யாண மண்டபத்து முன்னால சாவு வண்டியைக் கொண்டாந்து நிறுத்தறானே, இந்த மனோகருக்கு புத்தி இருக்குதான்னு எல்லாரும் பேசிகினாங்க. மண்டபம் பார்க்க வர்ற சம்பந்தி வீட்டாளுங்க அதைப் பார்த்ததும் செருப்பைக்கூட கழட்டாம அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. எனக்கும் யாவாரம் படுத்துப்போச்சு."

வின்னி சிரிப்பை அடக்கக் கதம்பத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெருமுனைக்கு வந்ததும் கொர்னேலியஸ் சொன்னார்: "புரியுதா? ஊர்ல எல்லாரும் அதைப் பார்த்திருக்காங்க. யாரும் அதைக் காரா பார்க்கல. காருன்னா நம்ம ஜனங்களுக்குப் பின்னாடி டிக்கி தனியா துருத்திக்கிட்டு நிக்கணும். கூரை கடைசி வரைக்கும் போச்சுன்னா, எந்த நிறமா இருந்தாலும் அது சாவு வண்டிதான். உள்ள தோல் சீட்டு இருக்குதான்னு எவன் எட்டிப் பார்ப்பான்?"

"அதனாலதான் சார் ரோட்டுல இந்த மாதிரி வண்டி அபூர்வம்!"

"அபூர்வம் ரெண்டு வகை வின்னி. எல்லாருக்கும் வேணும், கிடைக்கல. அது ஒண்ணு. தாராளமா கிடைக்குது, எவனுக்கும் வேணாம். அது இன்னொண்ணு. ஷோரூம்காரன் ரெண்டையும் ஒரே வார்த்தையில வித்துட்டான். இனிமே கார் பார்த்தீங்களான்னு கேக்காதே. யார் செத்தாங்கன்னு கேளு."

* * *

கேள்வியை மாற்றியதும் பதில்கள் வந்து குவிந்தன. பங்காருபேட்டை ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் அந்த வண்டிக்காக ரேடியோவை நிறுத்தியிருந்தார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் லாரிகளை ஓரம்கட்டி அதற்கு வழிவிட்டிருந்தார். ஆனால் ஒன்று புரியவில்லை. மனோகர் சொன்ன நாளைக்குப் பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ஓடியது. முந்தாநாளும் ஓடியது.

பெட்ரோல் பங்க்கில் இருந்த ஆள் கன்னடக்காரர். தமிழை ஓரளவு பேசுவார்.

"ஹௌது சார், வருது. நான் க்யூவுல நிக்க விட மாட்டேன். பாவ, அவசர இருக்கும். முதல்ல அதுக்குத்தான் பெட்ரோல்."

"யார் ஓட்றாங்க?"

"மூஞ்சி யார் சார் பார்ப்பா? தலை குனிஞ்சு நமஸ்கார மாடி, கும்பிட்டு நிப்பேன். பணம் குடுக்கற கை மட்டும் தெரியும். வளையல் கை. தங்க வளையல்."

"பொம்பளையா?" என்றாள் வின்னி.

"அதான் சார். இன்னொரு விஷயம்." அந்த ஆள் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "சொன்னா நம்ப மாட்டீங்க. இங்க மைசூர் மைன்ஸ் சுரங்க லைன் பக்கத்துலேருந்து வந்து கோலாருக்குப் போகும்போது உள்ளேருந்து முனகல் கேக்கும். பொணம் முனகுமா சார்? சரி, கூட இருக்கறவங்க அழறாங்கன்னு நெனச்சேன். ஆனா ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே வண்டி திரும்பி வரும்போது உள்ள பச்சக் கொழந்தை அழுகுது. நேத்துகூடக் கேட்டேன். எனக்கு ஜுரமே வந்துடுச்சு. மாரியம்மன் கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டியிருக்கேன், பாருங்க."

கயிற்றைக் காட்டினார். கொர்னேலியஸ் அதை மரியாதையோடு பார்த்தார்.

"சார்," வின்னி மொபெட்டை உதைத்துக் கிளப்பியபடியே கேட்டாள், "பேய்க் குழந்தையா?"

"இல்ல, பசிக்கிற குழந்தை. போகும்போது முனகல், திரும்பும்போது குழந்தை. அந்த வண்டி ஒரு ஆளை ஏத்திக்கிட்டுப் போயி ரெண்டு ஆளாக் கொண்டாந்து விடுது. மைசூர் மைன்ஸ்ல பிரசவம்னா யார் பேரு முதல்ல ஞாபகம் வரும்?"

"பிலோமினா சிஸ்டர்! என்னையும் அவங்கதான் பூமிக்கு இறக்கினாங்களாம். அப்பவே ரொம்பப் பேசினேன்னு இப்பவும் சொல்லுவாங்க."

"நேரா அங்க விடு. வழியில ஒரு போன் பூத்ல நிறுத்து."

"ஆனா சார், பிலோமினா சிஸ்டர் வாழ்க்கைல வளையலே போட்டதில்ல."

"அதையும் கவனிச்சிருக்கேன்" என்றார் கொர்னேலியஸ்.

* * *

பிற்பகல் வெயிலில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகள் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தன. மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மைன்ஸுக்கு மரச்சட்டம் அறுத்த கொட்டகை இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, முத்து வெள்ளையில், வால் நீண்ட வெலோரா நின்றது. பின்சீட்டு மடிக்கப்பட்டு, அதன்மேல் மெத்தையும் சலவை செய்த பழைய புடவையும் விரிக்கப்பட்டிருந்தன. நாலு கோல்ஃப் பை வைக்கும் இடத்தில் ஒரு கர்ப்பிணி தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம்.

பிலோமினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள். ஓய்வு பெற்ற நர்ஸ். வெள்ளைப் புடவையை இன்னும் விடவில்லை, அதட்டலையும்.

"வா கொர்னேலியஸ். டிபன் பாக்ஸ் திறந்து பார்க்கற புத்தி இன்னும் போகலையா?"

"சிஸ்டர், இது மனோகரோட கார். திருடு போனதா என்கிட்ட சொல்லியிருக்காரு."

"திருட்டா? பங்காருபேட்டை ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல சாவியோட நின்னுட்டிருந்துச்சு. ஒருத்தனும் தொடல. இங்க ஆம்புலன்ஸ் நின்னு போயி எத்தனை காலமாச்சு? அன்னைக்கு ஒரு பொண்ணுக்கு வலி. பஸ்ல பங்காருபேட்டை வரைக்கும் கொண்டுபோயிட்டோம். அங்கேருந்து கோலாருக்கு எந்த ஆட்டோவும் வரல. சீட்டு அழுக்காயிடும்னான் ஒருத்தன். கொழந்தை பாதி வழில பொறந்துட்டா போலீஸ் கேஸாயிடும்னான் இன்னொருத்தன். அந்தப் பொண்ணு ரோட்டோரமா உட்கார்ந்து என் கையைக் கடிச்சா. இதோ, தழும்பு. அப்போ இந்த வண்டி கண்ணுல பட்டுச்சு."

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாதே சிஸ்டர்?"

பிலோமினா லைன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மனோகர் இறங்கி, பட்டுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க ஓடி வந்தார். பூத்திலிருந்து கொர்னேலியஸ் அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்.

"கிடைச்சிருச்சா? அதுக்குள்ளேயா? இன்னா சார் நீங்க, இப்பத்தான் பேப்பர்காரன்கிட்ட பேசிட்டு வர்றேன்!" காரைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. "இதேதான்… ஐயோ. சரி, திருடன் யாரு?"

"முதல் ஆள் நீங்கதான்" என்றார் கொர்னேலியஸ்.

"நானா?"

"விடிகாலைல பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு வண்டி ஓட்டற ஆள் இந்த ஊர்ல எத்தனை பேரு? பூட்டை உடைச்சான்னு சொன்னீங்க. பூட்டுல ஒரு கீறல் இல்ல. நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயி, ஸ்டேஷன் எதிர்ல சாவியோட விட்டுட்டு, ரயிலேறி வீட்டுக்கு வந்துட்டீங்க. எவனாவது திருடிக்கட்டும்னு."

மனோகர் மரத்தூள் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார்.

"நான் இன்னா சார் பண்றது? ஒரு வண்டி வாங்கினேன். ஜில்லாவே திரும்பிப் பார்க்கும்னு வாங்கினேன். திரும்பிப் பார்த்தாங்க, பார்த்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஒரு மாப்பிள்ளையை ஊர்வலம் கூட்டிட்டுப் போகக் குடுத்தேன். பொண்ணு வீட்டுக்காரங்க ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. விக்கலாம்னு பார்த்தா, வாங்கறதுக்கு வந்த ஒரே ஆளு சவப்பெட்டி செய்யறவரு. நீளம் அளந்து பார்த்துட்டு ரொம்பப் பொருத்தம்னாரு! வித்தா மானம் போச்சு, வச்சிருந்தா மண்டபம் போச்சு. திருடு போனா மட்டும்தான் சார் மரியாதை. திருடன் ஆசைப்படற மாதிரி காருன்னு ஊர் பேசும்."

"அப்புறம்?"

"அதுலயும் மானம் போச்சு. மறுநாள் போய்ப் பார்த்தேன். அப்படியே நின்னுச்சு. பானட்டு மேல ஒரு மாலை. அதுக்கு அடுத்த நாள் ஊதுபத்தி. அந்த ஸ்டேஷன் ரோட்டுல சைக்கிள் சீட்டைக்கூட விட்டு வைக்க மாட்டாங்க சார், என் காரை எவனும் தொடல. கடைசியா ஒரு நாள் காணோம். எனக்கு அழுகையே வந்துச்சு, சந்தோஷத்துல." நிமிர்ந்து பார்த்தார். "யாரு சார் எடுத்தது? அந்த மகராசன் யாரு?"

"நான்தான்."

லைன் வீட்டுப் பக்கமிருந்து வந்த குரல். கொட்டகைக் கதவருகே மனோகரின் மனைவி வாணி நின்றாள். கையில் கார் சாவி, அந்தக் கையில் தங்க வளையல்கள். அவள் பின்னால், நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மம்தா என்ற இளம்பெண் சுவரில் சாய்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

மனோகருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. "வாணி? நீ… தினமும் தையல் கிளாஸ் போறேன்னு சொன்னியே?"

"நீங்க கார் திருடு போச்சுன்னு சொன்னீங்களே."

அவள் குரல் உயரவில்லை. கொர்னேலியஸைப் பார்த்துப் பேசினாள்.

"நான் இந்த லைன்ல பொறந்தவ சார். அன்னைக்கு பங்காருபேட்டையில வலியோட உட்கார்ந்திருந்தது எங்க சித்தி பொண்ணு. ஆட்டோ ஆட்டோவா ஓடிக் கெஞ்சினேன். திரும்பிப் பார்த்தா எங்க வீட்டு வண்டி, மாலை போட்டுக்கிட்டு நிக்குது. இது எப்படி இங்கன்னு யோசிக்கக்கூட நேரமில்ல. மாலையைத் தூக்கிப் போட்டுட்டு ஓட்டினேன். ரோட்டுல எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. லாரிகூட. வேற எந்தக் காரா இருந்தாலும் அன்னைக்குப் போயிச் சேர்ந்திருக்க மாட்டோம். அதுக்கப்புறம் லைன்ல யாருக்கு வலி வந்தாலும் சிஸ்டர் எனக்கு போன் பண்ணுவாங்க. எங்க வீட்டு வண்டியை நான் எடுத்தா அது திருட்டா சார்?"

"இல்லம்மா" என்றார் கொர்னேலியஸ். "தொலைக்கணும்னே தொலைச்சவர் ஒருத்தர். தன்னோடதைத் தானே எடுத்துக்கிட்டவங்க ஒருத்தர். இந்தக் கேஸ்ல திருடனே இல்ல."

"கட்சிக்காரர் மட்டும் இருக்காரு" என்றாள் வின்னி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் மனோகர்.

"சொன்னா வண்டியைத் திருப்பிக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல விட்டிருப்பீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் மம்தா ஒரு கூச்சலோடு உட்கார்ந்துவிட்டாள். பிலோமினா குனிந்து பார்த்தாள். "பேசிக்கிட்டு நிக்காதீங்க! பனிக்குடம் உடைஞ்சாச்சு. வாணி, வண்டியை எடு. ஏய் பட்டுச் சட்டை, வந்து ஒரு கை பிடி!"

* * *

வாணி ஓட்டினாள். பக்கத்தில் கொர்னேலியஸ். பின்னால் மெத்தையில் மம்தா, அவள் காலருகே பிலோமினா, தலைமாட்டில், கூரை இடிக்காமல் குனிந்து மண்டியிட்டபடி மனோகர். மம்தா அவருடைய கையைப் பிடித்திருந்தாள். அதை விடுவித்துக்கொள்ள அவர் ஒரு முறை முயன்று பார்த்தார். மைன்ஸ்காரன் மகளின் பிடி, விடவில்லை. பின்னால் மொபெட்டில் வின்னி துரத்தி வந்தாள்.

ரோட்டில் வழக்கம்போல எல்லாரும் ஒதுங்கினார்கள். பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம்கட்டினார். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். கண்ணாடி வழியே மனோகர் அவர்களைப் பார்த்தார். இத்தனை மரியாதையோடு அவர் இந்த ஊரைக் கடந்து போனதே இல்லை.

பங்காருபேட்டைக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது.

"ஹாரன் அடி!" என்றாள் பிலோமினா.

"ரயிலுக்குச் சாவு வண்டின்னெல்லாம் தெரியாது சிஸ்டர்" என்று வாணி சொன்னாள். கொர்னேலியஸ் இறங்கிப் போய்க் கேட்டுப் பார்த்தார். சிக்னல் விழுந்தாயிற்று, சரக்கு ரயில் வந்துகொண்டிருக்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

"இனிமே கோலார் இல்ல. இங்கதான்" என்றாள் பிலோமினா. "காத்து வேணும். பின்கதவைத் தூக்கு."

மனோகர் கதவைத் தூக்கினார். ரயில் வர ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல், இரும்புச் சத்தத்தில் மம்தாவின் குரல்கூடக் கேட்கவில்லை. வின்னி மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்களை முதுகு காட்டித் திரும்பி நிற்கச் சொன்னாள். லாரிக்காரர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் வரிசையாகத் திரும்பி நின்றார்கள். மனோகர் மட்டும் திரும்ப முடியாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கையில் ரத்தம் கட்டியிருந்தது.

கடைசிப் பெட்டி கடந்து போனது. திடீரென்று வந்த அமைதியில் அழுகைச் சத்தம் கேட்டது. கோபமான, சின்ன, புதிய அழுகை.

"துணி!" என்றாள் பிலோமினா. மனோகர் யோசிக்கவே இல்லை. ஜரிகை அங்கவஸ்திரத்தை உருவிக் கொடுத்தார்.

கேட்மேன் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்தே தொப்பியைக் கழற்றியிருந்தார். இறங்கி நின்ற மனோகரிடம், துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்.

"போனது யாருங்க?"

"யாரும் போகலீங்க" என்றார் மனோகர். "ஒருத்தி வந்திருக்கா."

கேட்மேனுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் கேட்டைத் தூக்கினார்.

* * *

கோலார் ஆஸ்பத்திரியில் தாயும் பெண்ணும் நலம் என்று டாக்டர் சொன்னபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. குழந்தையை ஜரிகையோடு பார்த்த நர்ஸ், எந்தப் பெரிய வீட்டுக் குழந்தை என்று விசாரித்தாள். பிலோமினா மம்தாவோடு தங்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் வாசலுக்கு வந்தார்கள். மனோகரின் பட்டுச் சட்டையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கேஸை இன்னா பண்ணப் போறீங்க சார்?"

"எங்க புத்தகத்துல கார் கிடைச்சதுன்னு முடிச்சுக்குவேன். போலீஸ் கம்ப்ளெயிண்டை நீங்களே வாபஸ் வாங்கிடுங்க. பேப்பர்காரருக்கு என்ன சொல்றதுங்கறது உங்க பிரச்சனை" என்றார் கொர்னேலியஸ்.

"இது தர்மத்துக்கு விட்ட வண்டின்னு சொல்லிடலாமா? பக்கவாட்டுல மண்டபத்துப் பேரை எழுதி…"

"எழுதுங்க" என்றாள் வின்னி. "ஆனா 'சுப காரியங்களுக்கு அணுகவும்'னு மட்டும் கீழ போடாதீங்க. ஜனங்க குழம்பிடுவாங்க."

மனோகர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து வாணி பார்த்து வெகு நாளாகியிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தாள். "பேரெல்லாம் வேணாம்" என்று அவர் தானாகவே சொன்னார். "லைன்லயே நிக்கட்டும். மண்டபத்து முன்னால வேணாம். லைன்லதான் உபயோகம்."

வின்னி மொபெட்டைக் கிளப்பினாள். கொர்னேலியஸ் தொப்பியை அழுத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கிளம்பும்போது இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மனோகர் பழக்கத்தில் வலது பக்கக் கதவருகே போய் நின்று, சாவிக்காகக் கையை நீட்டினார். வாணி கொடுக்கவில்லை. கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு காரின் நீண்ட வாலைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கக் கதவைத் திறந்தார்.